அகச்சிவப்பு ஏவுகணைகளிடமிருந்து விமானங்களைக் காக்கும் கலை: கிண்டியில் நடக்கும் பயிற்சி வகுப்பு பற்றிய மதிப்புரை

கிண்டி தொழிற்பேட்டையை ஒட்டி இயங்கும் ஒரு தனியார் பயிற்சி நிறுவனம், ராணுவ விமானங்களை வெப்பம் தேடும் ஏவுகணைகளிடமிருந்து காக்கும் கருவிகள் எவ்வாறு உருவாக்கப்படுகின்றன என்பதைச் சனிக்கிழமை வகுப்புகளாக நடத்திவருகிறது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அறிவிக்கப்பட்ட பிறகு சென்னையிலும் ஓசூரிலும் கோவையிலும் உள்ள சிறு, குறு நிறுவனங்கள் பல இத்துறைக்குள் நுழைய வழி தேடுகின்றன. அவர்களை மனத்தில் வைத்தே இந்த வகுப்பு விளம்பரப்படுத்தப்படுகிறது. அம்பத்தூரில் துல்லிய உலோக பாகங்கள் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றின் வடிவமைப்புப் பிரிவில் இருப்பவன் என்ற முறையில் நானும் அதில் சேர்ந்தேன். கட்டணம் பதினெட்டாயிரம் ரூபாய், ஜிஎஸ்டி தனி. கொடுத்த பணத்துக்குப் பெரும்பகுதி கிடைத்தது என்பது என் கணிப்பு. கிடைக்காத பகுதியோ எங்களைப் போன்ற சிறு உற்பத்தியாளர்களுக்கு மிகவும் வேண்டிய பகுதியாக இருந்தது.

முதல் வகுப்பு இயற்பியல். பொருளின் வெப்பநிலை உயர உயர, அது மிகுதியாக உமிழும் கதிரின் அலைநீளம் குறைந்துகொண்டே வரும் என்ற வீன் விதியைக் கரும்பலகையில் எழுதி, 2898 என்ற எண்ணைக் கெல்வினில் உள்ள வெப்பநிலையால் வகுத்தால் மைக்ரான் கணக்கில் விடை கிடைக்கும் என்று பேராசிரியர் விளக்கினார். ஏறத்தாழ 800 கெல்வினில் இருக்கும் ஜெட் எஞ்சினின் பின்பகுதிக்கு 3.6 மைக்ரான், 300 கெல்வினில் இருக்கும் விமான உடலுக்கு ஏறத்தாழ 10 மைக்ரான். கல்லூரியில் படித்ததுதான். ஆனால் அதன் பிறகு அவர் எங்களை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று காட்டிய செயல்விளக்கத்தை எந்தக் கல்லூரியிலும் நான் பார்த்ததில்லை.

மாடியில் கட்டடத்தின் டீசல் ஜெனரேட்டர் இயங்கிக்கொண்டிருந்தது. முதலில் அதைக் குளிரூட்டப்படாத சாதாரண வெப்பக் கேமரா வழியாகக் காட்டினார். 8 முதல் 14 மைக்ரான் வரை பார்க்கும் அந்தக் கேமராவில் சைலன்சர் குழாய் வெண்மையாகத் தெரிந்தது. குழாயின் வாயைத் தாண்டி எதுவும் தெரியவில்லை. அடுத்து, இண்டியம் ஆண்டிமனைடு உணரியைக் கொண்டதும், உள்ளேயே ஒரு சிறு குளிரூட்டியால் ஏறத்தாழ 77 கெல்வினுக்குக் குளிர்விக்கப்படுவதுமான நடு அலைக் கேமராவை (3 முதல் 5 மைக்ரான் வரை பார்ப்பது) எடுத்து, 4.3 மைக்ரானை ஒட்டிய ஒரு வடிகட்டியைப் பொருத்தினார். உடனே குழாயின் வாயிலிருந்து ஒரு பெரிய புகைமண்டலம் பீறிட்டு எழுவது திரையில் தெரிந்தது. கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. சூடான கரியமில வாயு அந்த அலைநீளத்தில் உமிழ்வதால்தான் அப்படித் தெரிகிறது. எஞ்சின் குழாயை நேராகப் பார்க்க முடியாத கோணத்திலிருந்தும், அதாவது விமானத்தின் முன்பக்கத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும்கூட, பிற்கால ஏவுகணைகள் எவ்வாறு குறிவைக்கின்றன என்பது அந்த ஒரு காட்சியில் விளங்கிவிட்டது. கேமராவுக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே ஒரு சன்னல் கண்ணாடியைப் பிடித்தபோது வெப்பப் படம் அப்படியே மறைந்தது. சாதாரணக் கண்ணாடி இந்த அலைநீளங்களைக் கடத்தாததால்தான் ஏவுகணையின் முகப்புக்கும் இத்தகைய கேமராக்களின் வில்லைகளுக்கும் ஜெர்மானியம், சிலிக்கான், நீலக்கல் போன்ற பொருள்கள் தேவைப்படுகின்றன.

சென்னைக் காற்றைப் பற்றி அவர் சொன்னதும் குறித்துக்கொள்ள வேண்டியது. கடலோர ஈரக் காற்றிலுள்ள நீராவி, நீண்ட அலைப் பட்டையை (8 முதல் 14 மைக்ரான்) நடு அலைப் பட்டையைவிடக் கூடுதலாக உறிஞ்சுகிறது. வறண்ட பாலைவனத்தில் அளந்த எண்களை வங்கக் கடற்கரைக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது என்பதே அதன் நடைமுறைப் பொருள். வெளிநாட்டு விவரத் தாள்களைப் படித்துப் பொருள் வாங்குபவர்கள் இதைக் கேட்டிருந்தால் பல வாக்குவாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

வரலாற்று வகுப்பு தேவைக்கு மேல் நீண்டது. அமெரிக்கக் கடற்படையின் சைனா லேக் நிலையத்தில் உருவான சைட்வைண்டர் என்ற வெப்பம் தேடும் ஏவுகணை 1958 செப்டம்பரில் தைவான் நீரிணைக்கு மேலே முதன்முதலில் போரில் பயன்பட்டது. அப்போது வெடிக்காமல் ஒரு மிக் விமானத்தில் செருகிக்கொண்ட ஏவுகணையைப் பார்த்து சோவியத் ஒன்றியம் தனது கே-13 ஏவுகணையைச் செய்தது. அந்த கே-13 நம் மிக்-21 விமானங்களுக்கும் வந்தது. இவையெல்லாம் சுவையானவை, அரை மணி நேரத்தில் முடித்திருக்கலாம். அன்றைய ஈய சல்பைடு உணரிகள் எஞ்சினின் பின்புறச் சூட்டை மட்டுமே கண்டன, சூரியனைப் பார்த்தால் அதன் பின்னாலேயே போயின என்பதுதான் இதில் பொறியாளருக்கு வேண்டிய செய்தி.

ஆப்கானிஸ்தான் பகுதி இதைவிடப் பயனுள்ளதாக இருந்தது. 1986 செப்டம்பரில் ஜலாலாபாத் அருகே ஸ்டிங்கர் ஏவுகணைகள் சோவியத் ஹெலிகாப்டர்களை வீழ்த்தத் தொடங்கிய பிறகு, எஞ்சின் வெளியேற்றத்தில் குளிர்ந்த காற்றைக் கலக்கும் உறைகள், வெப்பச் சுடர்களை வீசும் ஃப்ளேர் பெட்டிகள், லிபா எனப்படும் சூடேற்றிய துடிப்பு விளக்கு ஆகிய மூன்றையும் ஒரே ஹெலிகாப்டரில் சேர்த்துப் பொருத்தும் வழக்கம் வலுப்பெற்றது. அதே கொள்கையில் இயங்கும் அமெரிக்கக் கருவியான ஏஎல்க்யூ-144, அதன் கண்ணாடிப் பட்டைகளின் தோற்றத்தால் வீரர்களிடையே டிஸ்கோ பந்து என்றே பெயர் பெற்றது. அது உள்ளபடி செய்வதென்ன? பழைய ஏவுகணையின் முகப்பில் சுழலும் ஒரு கோடிட்ட தட்டு, இலக்கிலிருந்து வரும் ஒளியை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அந்த வெட்டுகளின் காலக்கட்டத்தைக் கொண்டே இலக்கு எந்தத் திசையில் உள்ளது என்று ஏவுகணை கணக்கிடுகிறது. துடிப்பு விளக்கு அதே வேகத்தை ஒட்டிய ஒளித் துடிப்புகளைச் சேர்த்துவிட்டால் கணக்கு பிழையாகி, இலக்கு இல்லாத திசைக்கு ஏவுகணை திரும்புகிறது. சுழலும் தட்டே இல்லாமல் படமாகவே பார்க்கும் இன்றைய சீக்கர்களிடம் (ஏவுகணையின் முகப்பில் இலக்கைத் தேடும் கருவிகளிடம்) இந்தத் தந்திரம் செல்லாது என்பதையும் ஆசிரியர் மறைக்காமல் சொன்னார்.

கார்கிலுக்கு ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. வகுப்பு முழுவதிலும் ஆழ்ந்த அமைதி நிலவியதும் அப்போதுதான். விமானப்படையின் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரி இந்தப் பகுதியை நடத்தினார். 1999 மே 21 அன்று ஸ்குவாட்ரன் லீடர் பெருமாள் ஓட்டிச் சென்ற கான்பெரா உளவு விமானம் தோளில் வைத்து ஏவும் ஏவுகணையால் தாக்கப்பட்டும், ஓர் எஞ்சினோடு ஸ்ரீநகரில் பத்திரமாக இறங்கியது. மே 27 அன்று அஜய் அஹுஜாவின் மிக்-21 வீழ்த்தப்பட்டது. மறுநாள் டோலோலிங் பகுதியில் ஒரு மி-17 ஹெலிகாப்டர் தாக்கப்பட்டு அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர். அந்த ஹெலிகாப்டரில் ஃப்ளேர் வீசும் கருவி இல்லை. அதற்குப் பிறகு மி-17 ஹெலிகாப்டர்கள் தாக்குதல் பணியிலிருந்து விலக்கப்பட்டன. போர் விமானங்கள் ஏவுகணை எட்டாத உயரத்திலிருந்து குண்டு வீசத் தொடங்கின. உயரத்தைக் கூட்டுவதும் ஒரு தற்காப்புதான், ஆனால் அதற்கு விலையாகக் குறி தப்புகிறது என்று அதிகாரி சொல்லி நிறுத்திக்கொண்டார். இந்தப் பகுதியை ஒரு முழு வகுப்பாக விரிக்குமாறு கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஃப்ளேர் பற்றிய வகுப்பு சிறப்பாக இருந்தது. மக்னீசியம், டெஃப்லான், விட்டான் ஆகிய மூன்றும் கலந்த கட்டி எரியும்போது வெப்பநிலை 2000 கெல்வினைத் தாண்டுகிறது. முதல் நாள் கற்ற வீன் விதியை இங்கே பொருத்தினால், 2200 கெல்வினுக்கு உச்சம் 1.3 மைக்ரான் அருகே வருகிறது, எஞ்சினுக்கோ 3.6. ஆகவே அலைநீளம் குறைந்த பட்டையையும் நடு அலைப் பட்டையையும் ஒருங்கே பார்த்து இரண்டின் விகிதத்தை ஒப்பிடும் ஏவுகணைக்கு, எது விமானம், எது ஃப்ளேர் என்பது எளிதில் பிடிபட்டுவிடுகிறது. இதைக் கேட்டதும் முன்வரிசையில் இருந்த ஓர் இளைஞர், “அப்படியானால் ஃப்ளேரைக் குறைந்த சூட்டில் எரிய வைத்தால் போதாதா சார்?” என்று கேட்டார். ஆசிரியர் சிரித்துக்கொண்டே, அந்தக் கேள்விதான் ஒரு தனித் துறையாக வளர்ந்திருக்கிறது என்று சொல்லி, விமானத்தின் நிறமாலையை ஒத்து எரியும் கலவைகளையும், காற்றுப் பட்டதும் தானே சூடேறும் மெல்லிய உலோகத் தகடுகளையும் விளக்கினார். சூட்டைக் குறைத்தால் மொத்த ஒளிர்வும் குறைந்துவிடும். பெரிய விமானத்தின் நான்கு எஞ்சின்களுக்கு முன்னால் அது பகலில் ஏற்றிய அகல்விளக்காகிவிடும். இந்த இழுபறியை அவர் படிப்படியாகக் கொண்டுசென்ற விதம் பாராட்டத்தக்கது.

நிறம் ஒத்திருந்தாலும் ஃப்ளேர் தப்ப முடியாத இன்னொரு சோதனை இருக்கிறது. வீசப்பட்டவுடன் காற்றின் எதிர்ப்பால் அது வேகமிழந்து விமானத்துக்குப் பின்னால் விழுகிறது. அந்தத் திடீர்ப் பின்னடைவையே அடையாளமாகக் கொண்டு புதிய ஏவுகணைகள் அதைப் புறக்கணிக்கின்றன. எனவே எந்தக் கோணத்தில், எந்த இடைவெளியில், எத்தனை ஃப்ளேர்களை வீசுவது என்பது கலவையைப் போலவே முக்கியமாகிறது. வீசும் பெட்டியின் இயந்திர அமைப்பு எங்கள் தொழிலுக்கு நேரடித் தொடர்புடையது. நம் நாட்டில் பாரத் டைனமிக்ஸ் நிறுவனம் இத்தகைய பெட்டிகளைச் செய்கிறது. பெட்டியைப் பற்றி ஆசிரியர் காட்டியது ஒரே ஒரு படம். வெடிபொருள் சார்ந்த பகுதிகளைக் காணொளியோடு நிறுத்திக்கொண்டது சரியான முடிவு. வெற்று அலுமினியப் பெட்டி ஒன்றையாவது மேசை மேல் வைத்திருக்கலாம்.

இந்த வகுப்பில் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் குறிப்பிடுவது, ஏவுகணை வருவதை விமானத்துக்கு அறிவிக்கும் எச்சரிக்கை உணரிகள் பற்றிய வகுப்பைத்தான். அதிகாரி பலகையில் ஒரு நேர்கோடு வரைந்தார். மூன்று கிலோமீட்டர் தொலைவிலிருந்து, வினாடிக்குச் சராசரியாக 600 மீட்டர் வேகத்தில் ஓர் ஏவுகணை வருகிறது என்று வைத்துக்கொண்டால், விமானத்திடம் இருப்பது ஐந்து வினாடிகள். அந்தக் கோட்டில் உணரி ஒளியைக் கண்டுகொள்ளும் நேரம், அது ஏவுகணைதானா என்று கணினி முடிவெடுக்கும் நேரம், ஃப்ளேர் வெளியேறி முழு ஒளிர்வை எட்டும் நேரம், ஏவுகணை திசைமாறி விமானத்தை விட்டு விலகத் தேவையான நேரம் ஆகியவற்றை எங்களையே குறிக்கச் சொன்னார். விமானி கண்ணால் பார்த்துப் பொத்தானை அழுத்துவதற்கு அந்தக் கோட்டில் இடமே இல்லை என்பதை ஒவ்வொருவரும் தாமே கண்டுகொண்டோம். ஒரு கருவியை உருவாக்குவது என்றால் இந்த ஐந்து வினாடிகளைப் பங்கிடுவதுதான் என்ற புரிதல் இங்கேதான் வந்தது.

உணரி வகைகளையும் அந்தக் கோட்டைக் கொண்டே விளக்கினார். புற ஊதா உணரி 280 நானோமீட்டருக்குக் குறைவான ஒளியை மட்டும் பார்க்கிறது. சூரியனிலிருந்து வரும் அந்தப் பகுதியை ஓசோன் படலம் உறிஞ்சிவிடுவதால், தாழ்வான வானத்தில் அத்தகைய ஒளி தென்பட்டால் அது பெரும்பாலும் சூரியனுடையதாக இல்லாமல், ஏவுகணைச் சுடரைப் போல அருகில் உண்டானதாகவே இருக்கும். நம் சி-17 விமானங்களோடு வந்த ஏஏஆர்-47 இந்த வகையைச் சேர்ந்தது. மின்வில் வெல்டிங்கிலிருந்தும் அதே ஒளி வருவதால், பட்டறைகள் நிறைந்த ஊருக்கு மேலே தாழப் பறக்கும் ஹெலிகாப்டரில் பொய் எச்சரிக்கையை வடிகட்டுவது எளிதான வேலை அல்ல. (வகுப்பில் பாதிப் பேர் வெல்டிங் பட்டறையோடு தொடர்புடையவர்கள், எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.) ஏவுகணையின் மோட்டார் எரிந்து முடிந்த பிறகு புற ஊதா உணரிக்கு எதுவும் தெரியாது. இரண்டு அலைப் பட்டைகளில் பார்க்கும் அகச்சிவப்பு உணரி, சூடேறிய ஏவுகணை உடலையும் தொடரக்கூடியது. ஆனால் குளிரூட்டி வேண்டும், விலையும் அதிகம். துடிப்பு டாப்ளர் ரேடார் தொலைவையும் வேகத்தையும் சேர்த்துச் சொல்லும். ஆனால் அது உமிழும் அலையே விமானத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடும்.

லேசர் பற்றிய வகுப்பு ஏமாற்றம். உற்பத்தி நிறுவனங்களின் விளம்பரக் காணொளிகளை வரிசையாகப் போட்டுவிட்டு, இதுதான் எதிர்காலம் என்று முடித்துவிட்டார்கள். நம் நாட்டின் உயர்நிலைத் தலைவர்கள் பயணம் செய்யும் இரண்டு போயிங் 777 விமானங்களுக்காக, லேசரால் ஏவுகணையைத் திசைதிருப்பும் தற்காப்புத் தொகுதிகள் இரண்டை 19 கோடி டாலர் மதிப்பீட்டில் விற்க அமெரிக்க அரசு 2019 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்ததைச் சொன்னவர்கள், அந்த விலை எதற்காக என்பதைச் சொல்லவில்லை. விமானம் அதிர்ந்துகொண்டும் திரும்பிக்கொண்டும் இருக்கையில், உணரி காட்டிய திசைக்கு ஒரு சிறு கோபுரத்தை நொடிப்பொழுதில் திருப்பி, பாய்ந்து வரும் ஏவுகணையின் முகப்பின் மீதே மெல்லிய கற்றையைத் தொடர்ந்து நிறுத்திவைக்க வேண்டும். அதற்கான தாங்கிகள், கண்ணாடிகள், மோட்டார்கள், அதிர்வைத் தாங்கும் சட்டகங்கள் ஆகியவற்றின் துல்லியத்திலேயே பெரும் உழைப்பு அடங்கியிருக்கிறது. அது எங்களைப் போன்றவர்களின் வேலை. 1994-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த குவாண்டம் கேஸ்கேட் லேசர், நடு அலைப் பட்டையில் நேரடியாக ஒளிர்வதால் கருவியின் எடையைக் குறைத்து ஹெலிகாப்டர்களுக்கும் அதைக் கொண்டுசேர்த்தது என்ற முக்கியமான திருப்பத்தை, கேள்வி நேரத்தில் மாணவர் ஒருவர் எழுப்பிய பிறகே ஆசிரியர் தொட்டார்.

சோதனை பற்றிய கடைசி வகுப்பு நன்றாகத் தொடங்கியது. ஒவ்வொரு யோசனையையும் உண்மையான ஏவுகணையை விமானத்தின் மீது ஏவிப் பார்க்க முடியாது. ஆகவே உண்மையான சீக்கரை மூன்று அச்சுகளில் அசையும் மேசையில் பொருத்தி, அதன் எதிரே விமானம், ஃப்ளேர், பின்னணி வானம் ஆகியவற்றை அகச்சிவப்புக் காட்சியாக வீசி, ஆயிரக்கணக்கான முறை ஆய்வகத்திலேயே பறக்க விடுகிறார்கள். எச்சரிக்கை உணரியைச் சோதிக்கத் தரையிலிருந்து ஏவுகணைச் சுடரைப் போன்ற ஒளியை வீசும் கருவி உண்டு. இவற்றையெல்லாம் படத்தில் மட்டுமே பார்த்தோம். தமிழ்நாட்டில் ஒளிமின்னணுவியல் சோதனை மையம் ஒன்றை அமைக்க 2024 ஜூலையில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானதையும், இந்தியா ஆப்டெல் நிறுவனம் அதற்குத் தலைமை ஏற்பதையும் சொன்ன ஆசிரியர், அத்தகைய மையத்தில் ஒரு சிறு நிறுவனம் எந்தெந்தச் சோதனைகளுக்குத் தன் பொருளைக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும் என்று விளக்கவே இல்லை.

என் பெரிய குறையும் இங்கேதான். ஜேஎஸ்எஸ் 55555 என்ற ராணுவத் தரநிலை எதைக் கேட்கிறது, வெப்பம், ஈரப்பதம், உப்புக் காற்று, அதிர்வு ஆகிய சோதனைகளை எந்த வரிசையில் செய்ய வேண்டும், விமானத்தில் பொருத்தும் பொருளுக்குப் பெங்களூரில் உள்ள செமிலாக் அமைப்பின் சான்று எந்தக் கட்டத்தில் தேவை, மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனையைத் தரமணியிலேயே இருக்கும் சமீர் மையத்தில் செய்துகொள்ள முடியுமா என்பன போன்றவை இந்த வகுப்பின் எந்த மணி நேரத்திலும் இடம்பெறவில்லை. சிறு நிறுவனங்களுக்கானது என்று விளம்பரம் செய்துவிட்டு இதை விட்டுவிடுவது சரியல்ல. நான் கேட்டபோது அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்ற பதில் கிடைத்தது.

மற்றவை சில வரிகளில் முடிந்துவிடும். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், தமிழில் கேட்டவர்களுக்கு எல்லா ஆசிரியர்களும் தயங்காமல் தமிழிலேயே விளக்கினார்கள். பாலிடெக்னிக் படித்த மூத்த தொழிலாளர்கள் சிலர் துணிந்து பேசியது அதனால்தான். கையேடு மோசம்: திரையில் காட்டிய பக்கங்களைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துக் கொடுத்திருந்தார்கள், வண்ண வெப்பப் படங்கள் அனைத்தும் சாம்பல் திட்டாகக் கிடந்தன. மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது, குறிப்பாக வத்தக்குழம்பு. வண்டி நிறுத்த இடம் இல்லை. கிண்டி மெட்ரோவிலிருந்து நடந்து வருவதே உத்தமம்.

விமானவியல் அல்லது ஒளியியல் படிக்கும் மாணவர்களும், இத்துறையில் பாகங்கள் செய்யத் தொடங்கியிருக்கும் பொறியாளர்களும் தயங்காமல் சேரலாம். ஒப்பந்தம் பிடிக்க வழி தெரியும் என்று எதிர்பார்த்து வரும் முதலாளிகளுக்கு இது பயன்படாது. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். பணம் கட்டுவதற்கு முன் அலுவலகத்தில் இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மாடியில் ஜெனரேட்டர் செயல்விளக்கம் இந்தச் சுற்றிலும் உண்டா, தரச்சான்று பற்றிய வகுப்பைச் சேர்த்திருக்கிறார்களா. முதலாவதற்கு இல்லை என்று சொன்னால் அடுத்த சுற்றுக்குக் காத்திருங்கள்.